பிடிபடாதவன்

டிரில் மாஸ்டர் ராஜாமணியிடம் சடுகுடு பழகியவர்கள் தோற்றுவிட்டு வெளிச்சத்தில் திரும்புவதில்லை என்று தர்மபுரிப் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. உண்மைதான். ஆட்டத்தில் கோட்டை விட்டவர்கள் பொழுது சாயும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நம்பி, பூனைநடை போட்டு விடுதிக்கு வருவார்கள். மாஸ்டரோ விடுதி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். “எங்க விட்டீங்க, சொல்லுங்க” என்று ஆரம்பித்து, ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை அந்த வாசலிலேயே மறுபடி ஆடவைப்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு படுக்கப் போவது எவ்வளவோ மேல்.

அவர் வேலை பார்த்தது வாத்தியார் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பள்ளியில். படிக்க வருகிறவர்கள் எல்லாம் மீசை முளைத்த ஆட்கள். ஒன்றிரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். வரும்போது கையும் காலும் வேறு வேறு திசைக்குப் போகும். போகும்போது கட்டுமஸ்தாகப் போவார்கள். ஏனென்றால் மாஸ்டர் ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில் கெட்டிக்காரர். மூச்சு பத்தாதவனை உழுத புழுதிக்காட்டில் ஓடிக்கொண்டே பாடச் சொல்வார். பிடிக்கத் தெரியாதவனிடம் துள்ளுகிற காளைக் கன்றைக் காட்டி, பின்னங்காலைப் பிடித்து நிறுத்தச் சொல்வார். கன்றுக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தால், “உங்க கன்னுக்கும் பயிற்சி ஆகுதில்லீங்க” என்று சமாதானம் சொல்லி அனுப்புவார். இப்படியெல்லாம் செய்துதான், வருஷா வருஷம் தை மாதம் பொம்மிடி ரயிலடிக்குப் பக்கத்தில் நடக்கும் போட்டியின் கோப்பையை வேறு யார் கைக்கும் போகவிடாமல் வைத்திருந்தார்.

அந்தப் பள்ளிக்கு, ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்த வருஷம், இண்டூர்ச் சேரியிலிருந்து தீர்த்தன் வந்து சேர்ந்தான். சர்க்கார் உதவிப் பணத்தில் படிக்க வந்தவன். ஒல்லி உடம்பு, நீளக் கால். எதைக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்வான். மைதானத்தைச் சுற்றி அவன் ஒருமுறை ஓடியதைப் பார்த்ததுமே மாஸ்டருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அவனிடம் இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும், “சடுகுடு சடுகுடு” என்று ஒரே மூச்சில் விடாமல் பாட வேண்டும், எதிராளியைத் தொட வேண்டும், மூச்சு அறுவதற்குள் திரும்பிக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். தொடப்பட்டவன் அவுட். இடையில் பிடித்து அமுக்கி மூச்சை அறுத்துவிட்டால் பாடிப் போனவன் அவுட். அவ்வளவுதான் ஆட்டம்.

தீர்த்தனை அணியில் சேர்த்துக்கொள்ளப் போவதாக மாஸ்டர் சொன்னதும் பள்ளியில் சிலர் முகம் சுளித்தார்கள். சேரிப் பையனைப் போய் ஊர்ப் பையன்களோடு எப்படி என்று ஜாடைமாடையாகப் பேசினார்கள். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கோட்டுக்குள்ள எறங்கிட்டா எனக்கு ஊரும் இல்ல, சேரியும் இல்ல” என்று சொல்லி விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார். அன்று இரவு தன்னைப் பற்றித் தானே ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டு தூங்கினார். பெருமைப்படக்கூடாது என்றில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் தீர்த்தன் ஆடினான். ஆடினான் என்றால் அப்படி ஒரு ஆட்டம். பாடிப் போவான், தோளில் தட்டுவான், திரும்பி வந்துவிடுவான். கடத்தூரில் ஆடினாலும் சரி, அரூரில் ஆடினாலும் சரி, ஒருமுறைகூட ஒருவனும் அவனைப் பிடித்ததில்லை. சட்டையில் புழுதி படாமல் வீடு திரும்பும் சடுகுடு ஆட்டக்காரனை அந்த ஜில்லாவே முதல்முதலாகப் பார்த்தது. ‘பிடிபடாதவன்’ என்று பெயர் பரவியது. பெயரைப் பரப்பியதில் பாதிப் பங்கு மாஸ்டருடையது. சென்னையில் நடக்கப்போகும் மாகாணப் போட்டிக்கு ஜில்லா அணியைப் பொறுக்குவதற்காகச் சேலத்திலிருந்து பொம்மிடிக்கு ஒரு தொப்பிக்கார அதிகாரி வருவதாக இருந்தது. அவரைச் சேலத்திலேயே போய்ப் பார்த்து, “எங்க ஆள எவனும் தொட்டதில்லீங்க. மெட்ராஸ்காரனும் தொடமாட்டான்” என்று மாஸ்டர் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வாய்ப்பேச்சு அரூரில் ஒரு சாயங்காலம் அவரையே வந்து அறைந்தது.

அது சும்மா நட்புக்காக ஆடிய ஆட்டம். நடுவர் வேலைக்கு வரவேண்டியவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டதால் மாஸ்டரே விசிலை எடுத்துக்கொண்டு போய் எதிரணிப் பக்கம் நின்றார். எப்போதும் தன் ஆட்களுக்குப் பின்னால் நின்று தீர்த்தனின் முதுகைப் பார்த்தே பழகியவர், அன்றுதான் அவன் முகத்தையும், அவனுக்கு முன்னால் நிற்கிறவர்களின் கைகளையும் பக்கத்திலிருந்து பார்த்தார். தீர்த்தன் பாடிக்கொண்டு வந்தான். மூலையில் நின்றவன் நல்ல பிடிகாரன். தீர்த்தன் திரும்பும் நேரம் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தான். பாய்ந்தவன் இடுப்புக்கு ஒரு சாண் இருக்கும்போது கைகளை இழுத்துக்கொண்டான். தீர்த்தன் கோட்டைத் தொட்டுவிட்டான்.

மாஸ்டர் தன் கண்ணைத் தானே நம்பவில்லை. அடுத்த முறையும் பார்த்தார். அதற்கடுத்த முறையும் பார்த்தார். கைகள் விரியும், வரும், சுருங்கும். கடைசியில் இன்னொருவன் பிடித்தே விடுவான் போலிருந்தபோது பக்கத்தில் நின்றவன் மெதுவாகச் சொன்னான்: “விடுடா. கெணறு காஞ்சு கெடக்குது. அவன் தொட்டவன் குளிக்கட்டும், நாமளும் யாரு இப்பப் போயிக் குளிக்கறது.”

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்பதுபோலச் சொன்னான்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாட்டுவண்டியில் பையன்கள் அன்றைய வெற்றியைப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தீர்த்தன் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். அவன் நடந்து வருவதையும் மாஸ்டர் அன்றுதான் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அவன் நடந்துதான் வந்துகொண்டிருந்தான். ‘ஓட்டக்காரன், நடந்தால் காலுக்கு நல்லது’ என்று அவராக ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு சௌகரியமான காரணங்கள் கிடைக்கின்றன பாருங்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன்னிடம் பழகிய ஒவ்வொருவனையும் யோசித்துப் பார்த்தார். அவனவன் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார், காலை இழுத்து அகட்டி வைத்திருக்கிறார், சுளுக்கினால் தைலம் போட்டு உருவியிருக்கிறார். தீர்த்தனை? அவனுக்கு எல்லாம் வாயால்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். குச்சியால் சுட்டிக் காட்டியிருந்தார். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒருமுறை தொட்டதாக ஞாபகம் வரவில்லை. ஊர் இல்லை, சேரி இல்லை என்று விசில் ஊதிய ஆளின் கையும் அதே ஒரு சாண் தூரத்தில்தான் நின்றிருக்கிறது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் விடிந்ததும் மைதானத்தில் தீர்த்தனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன்ன ஏன் யாரும் புடிக்கறதில்லன்னு உனக்குத் தெரியுமா?”

தீர்த்தன் ஒரு நொடி யோசித்தான். “தெரியுங்க சார். மொத ஆட்டத்துலயே தெரியும்.”

“அப்பறம் ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க சந்தோசமா இருந்தீங்க சார்.”

மாஸ்டர் விசில் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றார்.

தீர்த்தனே பேசினான். “எனக்கும் மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஊர்க்காரங்க என்னப் பாத்து ஒதுங்கறது புதுசா? ஒதுங்கறதுக்குப் பாயின்ட்டு தராங்களேன்னு சிரிச்சுக்குவேன். இப்பத்தான் பயமா இருக்குதுங்க. மெட்ராஸ்ல என்ன யாருக்கும் தெரியாது. அங்க புடிப்பாங்க இல்லீங்களா? மொதப் புடியிலயே மூச்ச விட்டுட்டன்னா, இவனுங்களுக்கு எதுக்கு ஆட்டமுன்னு சொல்லிருவாங்க. அதுக்கப்பறம் எங்காளு ஒருத்தனையும் சேத்துக்க மாட்டாங்க.”

இதைத்தான் மாஸ்டரும் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். பொம்மிடியில் தீர்த்தனை வைத்துக் கோப்பையை வாங்குவது சுலபம். எல்லாரும் ஒதுங்குவார்கள், இவன் தொட்டுவிட்டு வருவான், தொப்பிக்காரர் பெயரைக் கூப்பிடுவார். ஆனால் சென்னையில் இவனை இரண்டு பேர் அமுக்கினால் என்ன செய்வதென்று இவனுக்குத் தெரியாது. பிடியை மீறிக்கொண்டு வருவது இவனுக்குத் தெரியாது. விழவே தெரியாது. ஆட்டத்தில் பாதியைச் சொல்லிக்கொடுக்காமலே ஒருவனை ஜில்லாவிலேயே பெரிய ஆட்டக்காரன் என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

“தீர்த்தா, கேட்டுக்க. உன்னப் புடிக்கற வரைக்கும் உன்ன மெட்ராஸுக்கு அனுப்பச் சொல்லி நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். புடிபட்டு, அதுலேருந்து வரக் கத்துக்கிட்டயின்னா அனுப்பறேன். சம்மதமா?”

“சரிங்க சார். யாரு புடிப்பாங்க?”

மாஸ்டர் விசிலைக் கழற்றிக் கீழே வைத்தார். மேல்சட்டையையும் கழற்றினார். நாற்பதைத் தாண்டிய உடம்பு, தொந்தி எட்டிப் பார்த்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து நின்றார். “வா. பாடிட்டு வா.”

தீர்த்தன் தயங்கித் தயங்கி வந்தான். கையை நீட்டி மாஸ்டரின் தோளைத் தொட்டதும் மாஸ்டர் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். பிடி விழுந்த அந்த நொடியிலேயே அவன் பாட்டு நின்றுவிட்டது. மூச்சு இருந்தது, பலமும் இருந்தது. ஒரு ஆள் தன்னைக் கட்டிப்பிடித்திருக்கிறான் என்ற திகைப்பில் பாட மறந்துபோனான். இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். எழுந்து உட்கார்ந்தபோது தீர்த்தன் முகம் என்னவோபோல இருந்தது. மாஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “மறுபடி” என்றார்.

அன்று சாயங்காலம் மொத்த அணியையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். இனிமேல் பயிற்சியில் தீர்த்தனை எல்லாரும் பிடிக்க வேண்டும். முழுப்பிடி. பிடிக்காதவன் அணியில் இல்லை.

அணித் தலைவன் கருப்பண்ணன் முன்னால் வந்தான். கடத்தூர்க்காரன். அவன் அப்பா ஊரில் பெரியதனம் பண்ணுகிறவர். மாஸ்டர் உருவாக்கிய பிடிகாரர்களிலேயே அவன்தான் முதல். கன்றுக்குட்டியில் ஆரம்பித்து வளர்ந்த காளைவரை போனவன். நெஞ்சு தரையில் தேய ஒரே பாய்ச்சலில் கணுக்காலைக் கவ்வினான் என்றால் அப்புறம் அந்தக் கால் அவனுடையது.

“எனக்கு அவன் மேல ஒண்ணும் இல்லீங்க சார்” என்றான் கருப்பண்ணன். “அவன் நல்லவன்தான். ஆனா எங்கப்பாருக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ள விடமாட்டாருங்க. தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கறாங்க. தெனமும் கட்டிப் பொரண்டுட்டு நான் எப்பிடீங்க வூட்டுக்குப் போறது?”

“அப்ப நீ போலாம் கருப்பண்ணா.”

மாஸ்டர் இதைச் சொல்வார் என்று கருப்பண்ணன் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டு மாஸ்டருக்கே திக்கென்றது. கருப்பண்ணன் போனான். அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மிச்சம் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்த சின்னன் மட்டும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “நான் புடிக்கறேன் சார். எங்கூருக்கு இந்தச் சேதி ஏறி வரதுக்குள்ள நான் வாத்தியாராயிருவேன்” என்றான்.

வீட்டில் வேறு ஒரு போர்க்களம். மாஸ்டரின் மனைவி ரங்கம்மாள் காதுக்குச் சேதி எட்டிவிட்டது. புழக்கடையில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“பின்பக்கமாப் போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க.”

“காலையிலதான் குளிப்பேன். எப்பவும் குளிக்கற மாதிரி.”

“எங்கண்ணன் குடும்பம் வந்தா நான் என்னான்னு சொல்லட்டும்?”

“உங்க மச்சான் ஊத்த உடம்போட சோறு திங்கறாருன்னு சொல்லு.”

மூன்று நாள் அவருக்குச் சோறு வெளியில்தான் வந்தது. வெளியிலேயே உட்கார்ந்து, புழுதி உடம்போடு, போவோர் வருவோருக்கெல்லாம் தெரிகிற மாதிரி சாப்பிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தையும் சொன்னார். நாலாம் நாள் மானம் போகிறதென்று ரங்கம்மாள் தட்டை உள்ளே வைத்துவிட்டாள். மனம் மாறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். பிடிவாதத்தில் தன்னைவிடப் பெரிய கை ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டாள்.

மார்கழி முழுக்கப் பயிற்சி நடந்தது. மாஸ்டருக்குப் பாய்ந்து விழுகிற வயசில்லை, இடுப்பைத்தான் கட்ட முடிந்தது. சின்னன் தொடையைப் பிடிக்கிறவன். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் ஒரு கையாவது வைத்தார்கள். தீர்த்தன் முதலில் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தான், அப்புறம் விழாமல் முண்டினான், அப்புறம் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தான். பிடிக்குள் இருந்துகொண்டே பாடக் கற்றுக்கொண்டான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அவன் ஆயா கவலைப்பட்டு, யாரிடம் அடி வாங்கினாய் என்று கேட்டாளாம். “ஊர்க்காரங்ககிட்டத்தான், ஆனா சண்ட இல்ல” என்று இவன் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லையாம்.

பயிற்சியில் பிடிப்பது ஒன்று. ஊரே பார்க்கும் ஆட்டத்தில் எதிராளி பிடிப்பது வேறு. அது நடந்தால்தான் தன் வார்த்தை நிறைவேறும் என்று மாஸ்டருக்குத் தெரியும். எந்த எதிராளி பிடிப்பான் என்றுதான் தெரியவில்லை.

தை பிறந்தது. பொம்மிடியில் கூட்டம் ரயில் பாதைவரை நின்றது. மூன்று நல்ல ஆட்கள் போன அணி தட்டுத்தடுமாறித்தான் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. எதிரில் கடத்தூர் அணி. அதன் தலைவனாகக் கருப்பண்ணன் நின்றான். மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன் மாஸ்டர் தீர்த்தனிடம் சொன்னது இவ்வளவுதான்: “ஒதுங்கறவனத் தொரத்தாத. நிக்கறவனத் தொடு.”

கருப்பண்ணன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டினான். மாஸ்டரின் ஆட்களை ஒவ்வொருவராகக் கணுக்காலில் பிடித்து வெளியே அனுப்பினான். சொல்லிக்கொடுத்தவர் அதைப் பார்த்து வயிறெரிந்தார், உள்ளூர ரசிக்கவும் செய்தார். ஆனால் தீர்த்தன் பாடி வரும்போதெல்லாம் கடத்தூர்க்காரர்கள் பழைய வேலையையே செய்தார்கள். கையை விரிப்பது, இழுத்துக்கொள்வது, அதுவும் முடியாவிட்டால் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றுகொள்வது. எல்லை தாண்டினாலும் அவுட்தான். அப்படிப் போன ஒருவனைப் பார்த்து வேடிக்கை பார்த்த பெரியவர்கள் சிரித்தார்கள். கருப்பண்ணன் சிரிக்கவில்லை. தன் ஆட்கள் தாமாகவே நடந்து வெளியே போவதைப் பார்த்து அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. தோற்றால்கூட ஆடித் தோற்க வேண்டும் என்று அந்த விடுதி வாசலில் எத்தனை தடவை பாடம் படித்தவன் அவன்.

கடைசியில் மாஸ்டர் பக்கம் தீர்த்தன் ஒருவன்தான் மிச்சம். கடத்தூர்ப் பக்கம் கருப்பண்ணனும் இன்னும் இரண்டு பேரும். தீர்த்தன் பாடிக்கொண்டு போனான். அவன் கிட்டப் போனதுமே அந்த இரண்டு பேரும் எல்லைக்கோட்டை நோக்கிப் பின்வாங்கினார்கள்.

“நில்லுங்கடா” என்றான் கருப்பண்ணன். கூட்டத்தில் இருந்த அவன் அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

அவன் நின்றான். ஒதுங்கவில்லை. தீர்த்தன் மாஸ்டர் சொன்னபடி நிற்கிறவனிடம் போனான், தோளில் தட்டினான், திரும்பினான். இனிக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், கருப்பண்ணன் அவுட். அவன் போனால் மற்ற இரண்டு பேரும் தாங்கமாட்டார்கள், கோப்பை மாஸ்டருக்கு. தீர்த்தன் காற்றாய்த் திரும்பினான். கருப்பண்ணன் தரையோடு தரையாகப் பாய்ந்தான். இந்த முறை கை சுருங்கவில்லை. இரண்டு கையும் தீர்த்தனின் கணுக்காலில் போய் விழுந்தன.

கூட்டம் சட்டென்று அடங்கிப்போனது. தீர்த்தன் குப்புற விழுந்தான், ஆனால் பாட்டு நிற்கவில்லை. முழங்கையை ஊன்றி, கருப்பண்ணனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கி நகர்ந்தான். அரையடி, இன்னும் அரையடி. கருப்பண்ணன் விடவில்லை. “வாங்கடா” என்று கத்தினான். எல்லையில் நின்ற இரண்டு பேரும் தலைவனைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், அப்புறம் எதையும் பார்க்காமல் ஓடிவந்து தீர்த்தன் மேல் விழுந்தார்கள்.

மாஸ்டர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் குனிந்து நின்றார். குவியலுக்கு அடியிலிருந்து “சடுகுடு சடுகுடு” என்று அவன் குரல் மெலிந்து வந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. விரல்கள் மண்ணைக் கீறின. குரல் இழுத்துக்கொண்டே போய் அறுந்தது.

விசில் ஊதப்பட்டது. மாஸ்டர் வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்து முதல்முறையாகக் கோப்பை கை மாறியது. அவருக்கு அழுகையும் வந்தது, தலைகால் புரியாத சந்தோஷமும் வந்தது. எது எதற்கென்று பிரித்துப் பார்க்க அவர் முயலவில்லை.

சேலத்துத் தொப்பிக்காரர் பக்கத்தில் வந்தார். “என்ன ராஜாமணி, புடிபடாத ஆளுன்னு சொன்னீங்க. புடிச்சிட்டாங்களே.”

“ஆமாங்க. மூணு பேரு புடிச்சாங்க, மூணு பேரையும் இழுத்துக்கிட்டு வந்தான். பாத்தீங்க இல்ல? அவன மெட்ராஸுக்கு அனுப்புங்க. இப்ப தைரியமாச் சொல்றேன்.”

தொப்பிக்காரர் கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்தார். அங்கே நாலு பேரும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். “அவனும் வரட்டும், அவன் கால விடாம புடிச்சானே, அவனும் வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பண்ணனின் அப்பா மைதானத்துக்குள் வரவில்லை. கோப்பையைப் பார்க்கவும் இல்லை. வண்டியைப் பூட்டச் சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டு, “குளிக்காம வண்டியில ஏறாத” என்று அங்கிருந்தே சொன்னார். கருப்பண்ணன் வாளியும் கயிறும் இருந்த ரயிலடிக் கிணற்றைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். உடம்பெல்லாம் மண்ணோடு அப்படியே நின்றான். வண்டி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது.

அவன் மாஸ்டரிடம் வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று மாஸ்டர் நினைத்தார். அவன் அதையெல்லாம் கேட்கவில்லை.

“சார், நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வரட்டுங்களா? தீர்த்தனுக்கு எடது கால்ல ஒரு குற இருக்குது. கணுக்கால உள்பக்கமாத் திருப்பினா அந்தப் பக்கமே உடம்பு சாஞ்சிருது. அதனாலதான் இன்னிக்கு விழுந்தான். மெட்ராஸ்காரன் ஒரு புடியில கண்டுபுடிச்சுருவான்.”

ஒன்றரை வருஷம் பழக்கியவர் மாஸ்டர். அவருக்கு அது தெரியாது. அவர் பதில் சொல்வதற்குள், கீழே உட்கார்ந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டிருந்த தீர்த்தன் இடது காலை நீட்டித் திருப்பிப் பார்த்தான்.

“வாங்க” என்றான் கருப்பண்ணனிடம். “வந்து அந்தக் காலையே புடிங்க.”